பப்மெட்டில் தேடினால் குவியல் குவியலாக வருகிறதா?

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் 'பேரோரிசெப்டர்' (இரத்த அழுத்தத்தை உணரும் உணர்வி) என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வருகிறது, பாதி எலி ஆய்வு, மீதி காசு கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சொல்லை அப்படியே பெட்டியில் அடிப்பதுதான் சிக்கல். முதலில் மெஷ் சொற்பட்டியலைத் திறவுங்கள்; கட்டுரைகளைப் பொருள்வாரியாகக் குறியிடப் பயன்படும் தலைப்புகளின் பட்டியல் அது. அங்கே இந்த உணர்விகளுக்குத் தலைப்பு 'பிரஸ்ஸோரிசெப்டர்ஸ்'. அவை தூண்டும் அனிச்சைச் செயலுக்கு 'பேரோரிஃப்ளெக்ஸ்' என்று தனித் தலைப்பு. இரண்டையும் 'ஆர்' (OR, அதாவது 'அல்லது') போட்டு இணைத்துத் தேடி, ரிவ்யூ (தொகுப்பாய்வு), ஹியூமன்ஸ் (மனித ஆய்வு) வடிகட்டிகளைத் தட்டுங்கள். எலிகள் பெரும்பாலும் ஒழியும்.

ஆனால் ஹியூமன்ஸ் வடிகட்டி மெஷ் குறியீட்டை நம்பி ஓடுவது. மெட்லைனில் (பப்மெட்டுக்குள் மெஷ் குறியிடப்படும் பகுதி) சேராத இதழ்களின் கட்டுரைகளுக்கு அந்தக் குறியீடே இருக்காது, அவை சத்தமில்லாமல் மறைந்துவிடும். எனவே அண்மை ஆண்டுகளுக்கு மட்டும் அந்த வடிகட்டி இல்லாமல், சாதாரணச் சொல்லால் இன்னொருமுறை தேடி, தலைப்புகளைக் கண்ணால் கழித்துவிடுங்கள்.

காசு கேட்கும் கட்டுரையா? முழுக் கட்டுரைகளின் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில், இதழ் ஏற்றுக்கொண்ட ஆசிரியர் பிரதி இலவசமாகக் கிடக்கலாம். அடிப்படைக்கு ஓபன்ஸ்டாக்ஸின் இலவச இணையப் பாடநூல் போதும். உடற்கூறியல் நூலான கிரேஸ் அனாடமியின் 1918 பதிப்புப் படங்கள் காப்புரிமை கடந்தவை, தாராளமாக எடுக்கலாம். பெயர்களை மட்டும் அப்படியே எழுதாதீர்கள்: அதில் 'இன்னாமினேட் ஆர்ட்டரி' என்றிருப்பது இன்றைய பிரேக்கியோசெஃபாலிக் ட்ரங்க்.