பிரேக் டிஸ்க் மாற்ற 34,600 ரூபாய்: எஃப்டியை உடைக்கவா, இஎம்ஐ போடவா?

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். ஆறு வருடப் பழைய டீசல் எஸ்யூவி வைத்திருக்கிறோம். 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது, நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அப்பா அம்மா கோத்தகிரியில் இருப்பதால் மாதம் ஒருமுறை குடும்பத்தோடு மலைக்குப் போய் வருவோம். கொஞ்ச நாளாக இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. சர்வீஸ் சென்டரில் "நாலு டிஸ்க்கும் தேஞ்சு போச்சு சார்" என்று ஒரு எஸ்டிமேட் தந்தார்கள். முன் டிஸ்க் இரண்டும் 11,800, பின் டிஸ்க் இரண்டும் 9,600, முன் பேட் 4,200, பின் பேட் 3,400, பிரேக் ஆயில் 900, கூலி 4,700, ஆக மொத்தம் 34,600 ரூபாய். ஜாப் கார்டில் முன் பேட் 3 மி.மீ., பின் பேட் 6 மி.மீ. என்று மட்டும் எழுதியிருக்கிறது. கார் கடன் போன வருடம்தான் முடிந்தது. மாதம் 8,000 ரூபாய்க்கு எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்ட் மாத முதலீடு) போகிறது. 7% வட்டியில் 1.5 லட்சம் எஃப்டி இருக்கிறது, முதிர இன்னும் எட்டு மாதம். எஃப்டியை உடைக்கவா, கிரெடிட் கார்டில் 12 மாத இஎம்ஐ போடவா, எஸ்ஐபியை நிறுத்தவா, இல்லை மூன்று மாதம் கழித்து வரும் தீபாவளி போனஸ் வரை தள்ளவா? மச்சான் "வண்டியையே வித்துடு" என்கிறார்.

பதில்: பணம் எங்கிருந்து எடுப்பது என்பதற்கு முன்னால், அந்த எஸ்டிமேட்டில் ஒரு எண் குறைகிறது. டிஸ்க் எத்தனை மி.மீ. இருக்கிறது என்று எங்குமே எழுதவில்லை. பேடுக்கு அளவு எழுதியவர்கள், அதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விலையுள்ள டிஸ்க்குக்கு "தேஞ்சு போச்சு" என்று வாயால் சொல்லிவிட்டார்கள். அளவு இல்லாத அந்தக் காகிதத்தை நம்பி நீங்கள் எஃப்டியை உடைக்க வேண்டாம்.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு; அதை இரு பக்கமும் இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்துவது பேட். எவ்வளவு தேய்ந்தால் தூக்கிப்போட வேண்டும் என்பதை அதன் மேலேயே, பெரும்பாலும் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ, குறைந்தபட்ச தடிமன் என்று பொறித்திருப்பார்கள். புதிதாக 28 மி.மீ. உள்ள டிஸ்க்குக்கு 26 என்று இருப்பது சகஜம். உங்கள் வண்டியின் எண் வேறாக இருக்கலாம், அதனால் பொறிப்பைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மைக்ரோமீட்டரை (தடிமனை நுட்பமாக அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு டிஸ்க்கிலும் சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் அளப்பது கால் மணி நேர வேலை. வெர்னியர் அளவுகோல் வைத்தால் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பையும் சேர்த்து அளந்துவிடும், தடிமன் அதிகமாகக் காட்டும். "அளக்கும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்று சொன்னால் முகம் சுளிக்காத இடமாகப் பாருங்கள்.

உதறலுக்கு வருவோம். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் விஷயம் அது இல்லை. டிஸ்க்கின் தடிமன் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் 0.02 மி.மீ. மாறினாலே உங்கள் கைக்குத் தெரியும். பேட் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தாலும், டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு இருந்தாலும், பங்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் வீல் நட்டை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கியிருந்தாலும் இதே உதறல்தான். டயல் கேஜ் (ஆட்டத்தை முள்ளில் காட்டும் அளவுக் கருவி) வைத்துச் சுற்றிப் பார்த்தால் டிஸ்க் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது, 0.1-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். காரணம் ஹப் துரு என்றால் புது டிஸ்க் போட்டாலும் சில ஆயிரம் கி.மீ.யில் உதறல் திரும்பி வரும், நீங்கள் மறுபடி பணம் கட்டுவீர்கள்.

ஸ்டீயரிங்கில் தெரிகிற உதறல் பொதுவாக முன் சக்கரத்தில் இருந்து வருவது. பிரேக் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்குத்தான், அதிலும் இறக்கத்தில் எடை முன்னால் சாயும். பின் பேட் 6 மி.மீ. இருக்கிறது, மாற்றும் அளவு 3 மி.மீ. பக்கம். ஆகவே பின் டிஸ்க் பொறித்த அளவுக்கு மேலே இருந்து, ஆழமான கோடுகளோ விரிசலோ இல்லையென்றால், பின்னால் கை வைக்கவே வேண்டாம். எஸ்டிமேட்டில் 13,000 ரூபாய் அங்கேயே போய்விடும். கூலியும் குறைய வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

முன்னால் இரண்டு வழி. அளவு பொறிப்பைத் தொட்டுவிட்டால் பேச்சே இல்லை, இரண்டு டிஸ்க்கையும் ஜோடியாக, புது பேடுகளோடு மாற்றிவிடுங்கள். பொறிப்பு 26 என்று வைத்தால், அளவு 27.2 மாதிரி இருந்தால் லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம், செலவு புது டிஸ்க்கில் சிறு பங்குதான். ஆனால் கணக்குப் போடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து அரை மி.மீ. கடைந்தால் 26.7, மீதி 0.7 மி.மீ. கிடைக்கும், அது லாபம். 26.5 இருப்பதைக் கடைந்தால் எல்லைக்கே வந்துவிடும்; புது பேட் பாதி தேய்வதற்குள் டிஸ்க் கழிவாகிவிடும், பேடும் இரண்டாம் முறை வாங்க வேண்டிவரும். அந்தச் சிக்கனம் வேண்டாம். ஒரு பக்க பேட் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் பேடுகளை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஊசி (pin) பெரும்பாலும் இறுகியிருக்கும், அதைச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பது கூலியிலேயே அடங்க வேண்டும்.

900 ரூபாய் பிரேக் ஆயிலில் மட்டும் பேரம் பேசாதீர்கள். டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 டிகிரிக்குக்கூட இறங்கலாம்; ஆயில் கொதித்தால் பெடலை அழுத்தினாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை உங்கள் வண்டி ஏறக்குறைய 1,450 மீட்டர் இறங்குகிறது. ஆட்களோடு 2,200 கிலோ என்று வைத்தால், அந்த இறக்கத்தின் ஆற்றல் 80 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டியை ஐம்பது தடவைக்கு மேல் முழுதாக நிறுத்துவதற்குச் சமம். இன்ஜின் தாங்காததையெல்லாம் பிரேக்தான் சூடாக மாற்ற வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது உங்கள் டிஸ்க்கின் ஆயுளையும் கூட்டும்.

சரி, இப்போது பணம். முன் டிஸ்க், முன் பேட், ஆயில் மூன்றும் 16,900. பாதிக்கும் சற்று மேல் கூலி சேர்த்தால் 19,500 பக்கம் வரும். உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18% தான், பில்லில் பழைய 28% இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வாரண்டி முடிந்த வண்டி என்பதால் நல்ல வெளி கேரேஜிலும் விலை கேட்கலாம். பிரேக்ஸ் இந்தியா, ரானே மாதிரி கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்யும் நிறுவனங்களின் பாகத்தை அங்கீகரித்த விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாத மலிவு டிஸ்க் வேண்டவே வேண்டாம்.

போனஸ் வரை தள்ளலாமா? கூடாது. முன் பேட் 3 மி.மீ.யில் நிற்கிறது. மூன்று மாதத்தில் மூன்று மலை இறக்கம் இருக்கிறது. பேட் தீர்ந்து இரும்போடு இரும்பு உரசினால் இன்று கடைந்து காப்பாற்றக்கூடிய டிஸ்க்கும் போய்விடும். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். தேய்மானம் மோட்டார் பாலிசியில் விலக்கப்பட்ட விஷயம். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பாகத்தின் விலையைத் தரும் கூடுதல் பாலிசி) வைத்திருந்தாலும் அது விபத்தில் உடைந்த பாகத்துக்குத்தான். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே பாலிசியில் இருக்கிறது.

கார்டு இஎம்ஐ 15% என்றால், முழு 34,600-க்கு 12 மாதத்தில் வட்டி மட்டும் 2,900 ரூபாய் அளவுக்கு வரும், அதன் மேல் ஜிஎஸ்டி 500-க்கு மேல், பிராசஸிங் கட்டணம் தனி. எஃப்டியை முழுதாக உடைத்தால் 1.5 லட்சத்துக்கும் வட்டி குறையும். நான் செய்யச் சொல்வது, அந்த எஃப்டியின் பேரில் 20,000 ரூபாய் கடன். எஃப்டி வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக, 9% என்றே வைத்தாலும் மூன்று மாதத்துக்கு 450 ரூபாய். போனஸ் வந்ததும் அடைத்துவிடுங்கள். எஸ்ஐபியைத் தொட வேண்டாம். ஒரு மாதம் நிறுத்தியதை மூன்று மாதம் மறந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மச்சான் சொல்வதற்கும் பதில் வேண்டுமே. ஸ்டீயரிங் உதறும் வண்டியை வாங்குகிறவர் 20,000 அல்ல, அதைவிட அதிகமாகவே விலையில் குறைப்பார். விற்பதென்றாலும் சரிசெய்துவிட்டு விற்பதுதான் புத்திசாலித்தனம். கடன் முடிந்து இப்போதுதான் மலிவாக ஓட ஆரம்பித்த வண்டியை விற்றுப் புது இஎம்ஐயில் மாட்டுவானேன்?

அப்புறம் ஒன்று. பிரேக், டயர், பேட்டரி எல்லாம் தேயும் என்பது வாங்கிய அன்றே தெரியும், ஆனாலும் பில் வரும்போது நாம் அதிர்ச்சி அடைகிறோம். நீங்கள் வருடத்துக்கு 13,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள். பிரேக்குக்கு கி.மீ.க்கு 50 பைசா, டயருக்கு 90 பைசா, மற்றதற்கு 60 பைசா, ஆக இரண்டு ரூபாய். மாதம் 2,200 ரூபாயை, முடிந்துபோன கார் கடன் இஎம்ஐயிலிருந்து பிரித்து ஒரு ஆர்டியில் (மாதாமாதம் போடும் வங்கி வைப்பு) போடுங்கள். உங்கள் பட்ஜெட்டில் அந்த இடம் ஏற்கெனவே காலியாக இருக்கிறது.

வேலையை அடுத்த கோத்தகிரி பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய முதல் 300 கி.மீ. சமவெளியில் நிதானமாக ஓட்ட வேண்டும். கழற்றிய டிஸ்க்கையும், அளவு எழுதிய ஜாப் கார்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.