லடாக் பயணம்: காருக்கும் நடைக்கும் ஒரே அடுப்பு போதுமா?

லேயில் 3 நாள் காரில் சுற்றி முகாம், அப்புறம் இருவராக 4 நாள் மார்க்கா பள்ளத்தாக்கு நடை, இரண்டுக்கும் ஒரே செட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள்.

காரில் எடை பிரச்சினையே இல்லை, அதனால் இரண்டு பர்னர் அடுப்பும் வீட்டிலிருக்கும் 3 லிட்டர் குக்கரும் போதும். குக்கரை மட்டும் மறக்காதீர்கள். லே சுமார் 3,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, கேஸ்தான் தீரும்.

நடைக்கு, கேஸ் குப்பியின் மேல் திருகும் சின்ன அடுப்பும் மூடியோடு ஒரு லிட்டர் அலுமினியப் பாத்திரமும் எடுங்கள். டைட்டானியம் லேசானதுதான், ஆனால் சூடு ஒரே இடத்தில் குவிந்து உப்புமா அடிப்பிடிக்கும். வெந்நீர் மட்டும் வைப்பதென்றால் சரி. கேஸ் வாங்கும்போது ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலவையா என்று பாருங்கள். வெறும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாகாமல் நின்றுவிடும், அந்தக் குளிரில் காலையில் டீ இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன், சொல்கிறேன். விமானத்தில் குப்பி கொண்டுபோக முடியாது, லேயில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குளிர்ந்தாலும் கூடாரத்துக்குள் மட்டும் அடுப்பு பற்ற வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே தெரியாமல் ஆளைக் கொல்லும். குப்பியைச் சுற்றிக் காற்றுத்தடுப்பும் வைக்க வேண்டாம், சூடேறினால் வெடிக்கலாம்.