காரில் ஏறும் முன் 20 நிமிடம்

கேள்வி: வேலை முடிந்து வீடு திரும்ப தினமும் 50 நிமிடம் கார் ஓட்டுகிறேன். பாதிக்கு மேல் கிராமத்துச் சாலை. தெருவிளக்கு கிடையாது, வளைவுகள் அதிகம். 'இன்று போனதும் நடந்தே தீருவது' என்று காலையில் முடிவெடுக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடிவதில்லை. உட்கார்ந்துகொண்டு ஓட்டுவதற்கே இவ்வளவு அசதியா? உடற்பயிற்சிக்கு நான் எங்கிருந்து நேரம் எடுப்பது?
- ஒரு வாசகி

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது சோம்பேறித்தனம் இல்லை, அப்படி நினைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். இருட்டும் நேரத்தில் விளக்கில்லாத சாலையில் ஓட்டுவது கண்ணுக்கும் மூளைக்கும் கடும் வேலை. எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் ஒரு தடவை கண்ணில் அடித்துவிட்டுப் போனால், அடுத்த சில நொடிகள் சாலையோரம் எது என்றே தெரியாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம்கூட ஆகும், அதற்குள் இன்னொரு வண்டி வந்துவிடும். இதற்கு நடுவில் எந்த வளைவில் மாடு நிற்குமோ, எந்தப் புதரிலிருந்து நாய் பாயுமோ என்று உடம்பு முழுக்க விறைத்துக்கொண்டே வருகிறது. இன்று மாலை ஓட்டும்போது உங்கள் தோள்பட்டையைக் கவனித்துப் பாருங்கள். காதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கும். நானும் பல வருடம் இதேபோன்ற சாலையில் ஓட்டியவன். வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்த பிறகும் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்த நாட்கள் உண்டு.

ஆனால் மனசு களைத்த அளவுக்கு உங்கள் கால்கள் களைக்கவில்லை, அவை நாள் முழுக்க சும்மாதான் இருந்தன. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டார். ஒரே பேருந்து, ஒரே சாலை, ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நீங்கள் இப்போது ஓட்டுநர் பக்கம் இருக்கிறீர்கள். அந்த மாடிப்படியை உங்கள் நாளுக்குள் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

வீட்டுக்கு வந்த பிறகு வைக்காதீர்கள் என்பதுதான் என் பதில். வீட்டுக்குள் நுழைந்ததும் சமையல், பிள்ளைகள், பாதியில் விட்ட வேலை என்று எல்லாம் வந்து சூழ்ந்துகொள்ளும், அங்கே நடைப்பயிற்சி எப்போதும் தோற்றுத்தான் போகும். அலுவலகத்தை விட்டு வெளியே வந்து காரில் ஏறுவதற்கு முன் இருக்கிற அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். நடக்கிற ஷூவை வீட்டு வாசலிலிருந்து எடுத்து காரின் பின்சீட்டில் வைத்தேன். மாலையில் கைப்பையை வைக்கப் பின்கதவைத் திறந்தால் ஷூ கண்ணில் படும். கதவு ஓரத்திலேயே உட்கார்ந்து மாற்றிக்கொண்டு, 10 நிமிடம் ஒரு பக்கம் போய் 10 நிமிடம் திரும்பி வருவேன். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது, வேகத்துக்கு அந்த அளவு போதும்.

கணக்குப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. ஐந்து வேலை நாளும் 20 நிமிடம் நடந்தால் 100, விடுமுறை இரண்டு நாளும் நாளுக்கு 25 நிமிடம், 150 வந்துவிட்டது. ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த விதியை அந்த 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். ஆகவே மாடிப்படி ஏறுவதும் சேரும், மதியம் 7 நிமிடம் நடந்தாலும் சேரும்.

ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சில மாதங்களில், நேரத்துக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே வீடு சேர்ந்துவிடுவீர்கள், 20 நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் வளைவுகளை இருட்டில் கடக்க வேண்டிவரும். அந்த மாதங்களில் மாலை நடையை விட்டுவிடுங்கள், மதிய இடைவேளைக்கு மாற்றுங்கள். வெளிச்சத்தில் வீடு சேர்வது அதைவிட முக்கியம். எப்படியும் இருட்டிவிடுகிற மாதங்களில் நடந்துவிட்டே ஏறுங்கள், அலுவலகக் கவலையில் பாதி அந்த நடையிலேயே கழிந்துவிடும், அப்புறம் சாலை மட்டும்தான் மனதில் இருக்கும்.

(நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.)

கேள்வி: ஓட்டும்போதே கழுத்தைச் சுற்றுவது, கையை நீட்டி மடக்குவது என்று பயிற்சி செய்கிறேன். தூக்கமும் கலைகிறது. இது நல்லதுதானே?
- ஒரு வாசகர்

பதில்: வேண்டாம், தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். கழுத்தை ஒரு சுற்று சுற்ற 2 நொடி என்றால், 30 மீட்டருக்கு மேல் பார்க்காமலே ஓட்டியிருக்கிறீர்கள். தோளைத் தளர்த்தி இறக்கிவிட்டுக்கொள்வது, மூச்சை நிதானமாக விடுவது, இந்த இரண்டோடு சரி. தூக்கம் வருகிறது என்றால் அது பயிற்சியால் தீராது. சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, 15, 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். எழுந்ததும் காரைச் சுற்றி ஐந்தாறு தடவை நடங்கள், பம்பரைப் பிடித்துக்கொண்டு பத்து தடவை உட்கார்ந்து எழுங்கள், தூக்கக் கலக்கம் முழுதாகத் தெளிந்த பிறகு கிளம்புங்கள்.

கேள்வி: வீட்டுக்கு முன்னால் போகிற சாலையிலேயே அந்தி நேரத்தில் நடக்கலாமா? நடைபாதை இல்லை.
- இன்னொரு வாசகி

பதில்: வேறு இடம் இருந்தால் அங்கே நடங்கள். இல்லையென்றால், வண்டிகள் உங்களுக்கு எதிரே வருகிற பக்கமாக நடங்கள், பின்னால் வருவதைவிட எதிரே வருவது உங்கள் கண்ணில் படும். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற பட்டையைச் சட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டால் போதாது, கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டுங்கள். அது மேலும் கீழுமாக அசைவதைப் பார்த்துத்தான் அங்கே ஒரு ஆள் நடந்து வருவது ஓட்டுநருக்குச் சட்டென்று பிடிபடும். ஓட்டும் பக்கத்திலிருந்து பலமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன், கறுப்பு உடையில் கையில் போனை மட்டும் வைத்துக்கொண்டு நடப்பவர் ஹெட்லைட்டில் தெரியும்போது, பிரேக் போட மிச்சமிருக்கிற தூரம் ரொம்பக் குறைவு.