உஸ்துகானை மறுக்கலாமா?

கேள்வி: கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் மருத்துவம் படிக்கிறேன். உடன் படிக்கும் கிர்கிஸ் நண்பன், நாரின் பகுதியிலுள்ள தன் கிராமத்துக்கு, அண்ணன் குழந்தையின் விழாவுக்கு அழைத்திருக்கிறான். நான் சைவம். கொடுக்கும் இறைச்சியை மறுத்தால் அவமதிப்பு என்கிறார்களே? கையில் என்ன கொண்டுபோவது?

பதில்: இறைச்சியை நீங்கள் உண்ணாமல் இருக்கலாம், வாங்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் சிக்கல்.

'தோய்' எனப்படும் விருந்தில் ஆட்டையோ குதிரையையோ அறுத்து மூட்டு மூட்டாகப் பிரித்து வேகவைப்பார்கள். எலும்போடு கூடிய ஒவ்வொரு பங்குக்கும் உஸ்துகான் என்று பெயர். எது யாருக்கு என்பதை வயதும் உறவும் முடிவு செய்யும். ஜம்பாஷ் என்னும் இடுப்பெலும்பு மூத்த ஆண்களுக்கு. வால் பக்கத்துக் கொழுப்புப் பகுதி மூத்த பெண்களுக்கு. வரிசை ஊருக்கு ஊர் சற்று மாறும், ஆனால் வரிசை இல்லாத ஊர் இல்லை. சம்பந்தி வீட்டாருக்குத் தகுதிக்குக் குறைந்த எலும்பு போய்விட்டால் அந்த மனத்தாங்கல் எளிதில் ஆறாது. ஆகவே உங்கள் கைக்கு வரும் துண்டு வெறும் உணவு அல்ல, அந்தக் கூட்டத்தில் உங்களுக்கென்று ஓர் இடம். இரு கையாலும் வாங்குங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம், பையில் போட்டும் கொண்டுவரலாம். விருந்தின் மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போவது அங்கே கௌரவக் குறைவு அல்ல. 'கெஷிக்' என்று அதற்கும் பெயர் உண்டு. விருந்தினர் என்று ஆட்டுத் தலையையே உங்கள் முன் வைத்தால் அசர வேண்டாம். காதை அறுத்துக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டு, தலையைப் பெரியவர் பக்கம் நகர்த்துங்கள்.

சைவம் என்பதை நண்பன் வழியாக முன்பே வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிடுங்கள். விருந்து விரிப்பான தஸ்தர்கானில் ரொட்டி, ஜாம், உலர்பழம், சாலட் எல்லாம் நிறைந்திருக்கும். போர்சோக் என்னும் பொரித்த மாவுத் துண்டுகளை மட்டும் விசாரித்து உண்ணுங்கள். சில வீடுகளில் கொழுப்பில் பொரிப்பார்கள்.

விழா அநேகமாக 'துஷோ கெஸு'வாக இருக்கும். நடக்கப் பழகும் குழந்தையின் கால்களைக் கறுப்பு வெள்ளை நூலால் கட்டி, சிறுவர்களை ஓடவிட்டு, முதலில் வருபவர் அதை வெட்டுவார். உறவினர்கள் தரும் மொய்க்கு அங்கே 'கொஷும்சா' என்று பெயர். வாங்கியதை அவர்கள் வீட்டு விழாவில் திருப்பிச் செய்தாக வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்காகக் கடன்படும் குடும்பங்களும் உண்டு. எனவே பெருந்தொகை கொடுத்து அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். வகுப்புத் தோழர்கள் கொடுப்பதைக் கொடுங்கள். குழந்தைக்கு ஓர் உடை எடுத்தால் இன்னும் நல்லது.

வாசலுக்கு நேர் எதிரே உள்ள 'தோர்' பெரியவர்களின் இடம். நீங்களாகப் போய் அமராதீர்கள், அமர்த்தினால் மறுக்காதீர்கள். கைகழுவத் தண்ணீர் ஊற்றினால் ஈரக் கையை உதறக் கூடாது, துண்டு தருவார்கள். ரொட்டியைக் கவிழ்த்து வைப்பதும் தஸ்தர்கானைத் தாண்டுவதும் பெரும் பிழை. எந்த குலம், யார் மகன் என்று முதியவர்கள் கேட்பார்கள். ஏழு தலைமுறைத் தந்தையர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சமூகம் அது, வம்பு அல்ல. தாத்தா பெயர்வரை சொன்னாலே மகிழ்வார்கள்.

புறப்படும்போது எவ்வளவு அவசரமானாலும் ஒரு துண்டு ரொட்டியையாவது வாயில் வைக்காமல் விடமாட்டார்கள். தயங்காதீர்கள், அது சைவம்தான்.