பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த கத்திக்குப் பழைய மரத்துண்டில் உறை செய்ய முடியுமா? தோல் மலிவாகக் கிடைக்கும் வேலூர்ப் பக்கத்தில் மர உறை எதற்கு?

தாராளமாகச் செய்யலாம். இந்த வேலைக்குக் கடையில் வாங்கும் புது மரத்தைவிடப் பழைய துண்டுதான் நல்லது என்பேன். புது மரத்தில் ஈரம் இருக்கும். காய்ந்து சுருங்கும்போது உறை கோணும், அல்லது கத்தியைக் கவ்விக்கொள்ளும். முப்பது நாற்பது வருடம் வேலூர் வெயிலைப் பார்த்த ஜன்னல் சட்டத்துக்கு அந்தத் தொல்லை குறைவு.

பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த கத்தி என்கிறீர்கள். அது கார்பன் எஃகு, சுலபமாகத் துரு ஏறும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்ந்த உப்பும் உள்ளே தங்கியிருக்கலாம். வெளியே எடுத்துப் போகத் தோலுறை போதும். மாதக்கணக்கில் கத்தி உள்ளேயே இருக்கப்போகிறது என்றால் மரம்தான் சரி. ஜப்பானில் வாளுக்கும் சமையல் கத்திக்கும் 'ஹோ' என்னும் மக்னோலியா வகை மரத்தில் உறை செய்வார்கள். மென்மையான மரம், கத்தியின் கூர்மையைக் கெடுக்காது.

நம் பக்கத்தில் அதற்கு ஈடாக நான் எடுப்பது பழைய தேக்கு. வீடு இடிக்கும் இடங்களில் கதவு, ஜன்னல் சட்டமாகக் கிடைக்கும். குடியாத்தம் பக்கம் தெரிந்த நெசவாளர் வீடு இருந்தால், கழற்றிப் போட்ட கைத்தறிச் சட்டம் இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். பெயின்ட் அடித்த மரத்தைச் சமையல் கத்திக்கு எடுக்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் சரக்கு இறக்கிப் போடும் பலகைச் சட்டங்களில் கோதுமைக் கதிர் முத்திரை இருந்தால், அதில் 'எச்டி' (HT) என்று இருக்கிறதா பாருங்கள். வெப்பம் ஏற்றிய மரம் அது, எடுக்கலாம். 'எம்பி' (MB) என்றால் மீதைல் புரோமைடு என்னும் நச்சுப் புகை போட்டது, தொடவேண்டாம்.

துவர்ப்பு அதிகமுள்ள மரமும் கூடாது. கருவேலம் பட்டையையும் ஆவாரம் பட்டையையும் தோல் பதனிட எடுத்ததே அந்தத் துவர்ப்புக்காகத்தான். ஈரம் பட்டால் அது இரும்போடு சேர்ந்து கறுக்கும். சோதிப்பது சுலபம்: துண்டை நனைத்து, அதன்மேல் ஓர் இரும்பு ஆணியை இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் மைக்கறை மாதிரி விழுந்திருந்தால் அந்த மரம் அடுப்புக்குத்தான்.

இரண்டு பலகைகள் வேண்டும். ஒரே துண்டை நடுவில் அறுத்தால் இரண்டும் ஒரே மாதிரி சுருங்கி விரியும். மரத்தின் ரேகை கத்தியின் நீளவாக்கில் ஓடவேண்டும். கத்தியை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, முதுகின் கனத்தில் பாதியை ஒவ்வொரு பலகையிலும் உளியால் குடையுங்கள். முதுகுப் பக்கம் ஆழம், கூர்ப் பக்கம் போகப்போக மேலேறவேண்டும். ஆனால் கூர் எங்கும் மரத்தில் உரசக்கூடாது, அங்கே மட்டும் கொஞ்சம் அதிகமாக எடுத்துவிடுங்கள். உறை கத்தியைப் பிடிக்கவேண்டிய இடம் வாய்ப்பகுதி மட்டுமே.

அந்தப் பிடிப்பைக் கொண்டுவருவதில்தான் பொறுமை வேண்டும். எண்ணெய் விளக்குப் புகையில் கத்தியின் முதுகையும் பக்கங்களையும் லேசாகக் காட்டிக் கரி படியவிட்டு, பலகைகளைச் சேர்த்துப் பிடித்துக் கத்தியை மெல்லச் செருகி எடுங்கள். உரசும் இடத்தில் கரிப்புள்ளி விழும். அந்தப் புள்ளியை மட்டும் உளிமுனையால் சுரண்டிவிட்டு மறுபடி செருகுங்கள். கடைசியில் கத்தி சத்தமில்லாமல் இறங்கி, வாயில் வந்ததும் 'டக்' என்று நிற்கும். கரி படிந்த மரத்தை ஒட்டுவதற்கு முன்பே சுரண்டிச் சுத்தம் செய்துவிடவேண்டும்.

ஒட்ட ஃபெவிகால் போதும். எனக்குப் பிடித்தது சோற்றுப் பசை. சின்ன வயதில் காத்தாடி ஒட்டினோமே, அதேதான். குழைந்த சோற்றைப் பலகையில் வைத்துக் கத்தி முதுகால் பருக்கையே தெரியாதபடி தேய்த்துக்கொண்டே இருந்தால் வெண்ணெய்ப் பதம் வரும். ஜப்பானிய உறைக்காரர்களும் சோற்றுப் பசையால்தான் ஒட்டினார்கள். உள்ளே அழுக்கோ துருவோ சேர்ந்தால் உறையைப் பிளந்து சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம். ஃபெவிகாலில் அது நடக்காது. எதுவானாலும் குடைந்த ஓரத்திலிருந்து நூலளவு தள்ளிப் பூசுங்கள், பசை உள்ளே பிதுங்கிவிட்டால் எடுக்கமுடியாது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் உப்புத்தாள் போட்டுக்கொள்ளுங்கள்.

காய்ந்தபின் வெளியே இழைத்து ஆளிவிதை எண்ணெய் தடவினால் போதும். உள்ளே எதுவும் பூசவேண்டாம். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள். நுனிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை போட்டால் உள்ளே போன நீர் இறங்கிவிடும். கத்தியின் குதிகால், அதாவது பிடியை ஒட்டிய அலகின் கீழ்மூலை, பிடியைவிடக் கீழே இறங்கியிருந்தால், அதற்குச் சற்றுப் பின்னால் உறையின் குறுக்கே துளையிட்டு ஒரு மூங்கில் முளை செருகுங்கள், தலைகீழாகப் பிடித்தாலும் கத்தி விழாது. கழுவிய கத்தியைத் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாடவிட்டுத்தான் உறையில் போடவேண்டும்.