மடங்கிய மூலை

வணக்கம் அக்கா,

இறந்துபோன என் பெரியம்மாவின் டாரட் சீட்டுக்கட்டு, படங்களை வைத்துக் குறி பார்ப்பார்களே அது, போன மாதம் என் கைக்கு வந்தது. ரைடர்-வெய்ட் என்ற வகைக் கட்டு, நன்றாகப் புழங்கியது. கலைத்து, இரண்டாக வெட்டி எடுத்தால் பத்துக்கு ஐந்தாறு தடவை ‘மரணம்’ சீட்டே வருகிறது. அந்தச் சீட்டின் கீழ்மூலை மட்டும் மடங்கியிருக்கிறது. கட்டையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். பயமாகவும் இருக்கிறது, போட மனமும் வரவில்லை. இது எதற்கான அறிகுறி?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தூக்கிப் போடாதீர்கள். அந்தச் சீட்டு ஏன் வருகிறது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள், மூலை மடங்கியிருக்கிறது என்று. கட்டைச் சீராகத் தட்டி மேசைமேல் வைத்து, குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். 78 சீட்டுகளுக்கு நடுவே ஓரிடத்தில் மயிரிழை அளவுக்கு இடைவெளி தெரியும், வெட்டப் போகிற விரல் தன்னையறியாமல் அங்கேதான் போய் நிற்கும். மூலை கீழ்ப்பக்கமாக வளைந்திருந்தால் அந்தச் சீட்டு மேல்பாதியின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும், மேல்பக்கமாக வளைந்திருந்தால் கீழ்ப்பாதியின் தலையில் உட்கார்ந்திருக்கும். சீட்டு வித்தை காட்டுகிறவர்கள் வேண்டுமென்றே ஒரு மூலையை லேசாக வளைத்து வைப்பது இதற்காகத்தான். கனமான புத்தகத்தின் அடியில் சில நாள் அழுத்தி வைத்துவிட்டு இருபது தடவை வெட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சரி, அப்படியென்றால் இதற்கு அர்த்தமே இல்லையா என்றால், இருக்கிறது என்றுதான் சொல்வேன். படத்துக்கு அர்த்தம் தேடுகிற அவசரத்தில், அது ஒரு துண்டு அட்டை, ஒருவர் கையில் வருஷக்கணக்காக இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். கலைத்துக் கலைத்துத் தேய்கிற கட்டில் எல்லாச் சீட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேயும், விளிம்பில் அழுக்கு ஏறும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் தனியாக வாடியிருந்தால் அது கட்டுக்கு வெளியே இருந்திருக்கிறது, யாரோ அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் படுகிற இடத்தில் பளபளப்பு போயிருக்கிறதா? மற்ற சீட்டுகளைவிட நிறம் வெளுத்திருக்கிறதா? தலைப்பக்கம் ஊசித்துளை ஏதாவது உண்டா?

துளையைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் மிலான் பிரபுக்களுக்காகத் தங்கத்தகடு ஒட்டிக் கையால் தீட்டிய விஸ்கொன்தி-ஸ்ஃபோர்ஸா சீட்டுகளில் 74 மிஞ்சியிருக்கின்றன, அவற்றில் 35 நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் உள்ளன. அந்தச் சீட்டுகளின் மேல்விளிம்பில் ஆணி குத்திய துளை இருக்கிறது. விளையாடச் செய்த சீட்டை யாரோ எங்கேயோ மாட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்கள்! அதே கட்டில் ‘பிசாசு’, ‘கோபுரம்’ என்ற சீட்டுகள் இல்லை என்பதை வைத்துப் பயங்கரமாகக் கதை கட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் ‘மூன்று வாள்’, ‘நாணயக் குதிரைவீரன்’ என்ற சீட்டுகளும்கூடத்தான் இல்லை, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பயத்துக்கு வருகிறேன். கூர் தெ ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர் 1781இல் இது பண்டைய எகிப்தின் ஞானம் என்று எழுதும்வரை, முந்நூறு வருஷத்துக்கு மேலாக டாரட் முதன்மையாக விளையாட்டுச் சீட்டுதான். மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகைக் கட்டுகளில் பெரும்பாலானவற்றில் இந்தச் சீட்டுக்குப் பெயரே போட்டிருக்காது, 13 என்ற எண்ணும் அரிவாளோடு ஒரு எலும்புக்கூடும் மட்டும்தான். உங்கள் கட்டில் அடியில் கொட்டை எழுத்தில் ‘டெத்’ என்று அச்சடித்திருக்கிறார்கள், கண் முதலில் அங்கேதான் போகிறது. அந்த வார்த்தையை விரலால் மறைத்துவிட்டு ஒரு நிமிஷம் படத்தைப் பாருங்கள். வெள்ளைக் குதிரை, அதன் எதிரே மண்டியிட்ட குழந்தை, தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். 1909இல் இதை வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித்தின் பெயர், பதிப்பாளர் ரைடரும், கட்டை வடிவமைக்க வழிகாட்டிய வெய்ட்டும் இடம்பிடித்த அந்தக் கட்டின் பெயரில் இல்லை, ஆனால் தன் முதலெழுத்துகளைப் பின்னி ஒரு சின்னக் கையெழுத்தைப் படத்துக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறார், தேடினால் கிடைக்கும்.

அப்புறம், மடங்கியது எந்த மூலை, இடதா வலதா என்று எழுதவில்லையே. சீட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தால் கட்டைவிரல் அழுத்துகிற பக்கம்தான் முதலில் வளையும். பெரியம்மாவுக்கு எந்தக் கை பழக்கம், அந்தச் சீட்டை அவர் எங்கே வைத்திருந்தார் என்று வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். தெரிந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா