தோட்டத்துக் கேபின் வீட்டுக்கு இன்சூரன்ஸ்: ஆடிக் காத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எங்கள் தென்னந்தோப்பில் இருந்த பழைய ஓட்டுச் சாளையை இடித்துவிட்டு, 20-க்கு 10 அடியில் ரெடிமேட் கேபின் வீடு வாங்கி வைத்திருக்கிறோம். முன்னால் 20-க்கு 12 அடி ஷீட் போர்டிகோ. கிரேன், அடித்தளம் எல்லாம் சேர்த்து 6 லட்சம் ஆகிவிட்டது. சித்திரையில் அடித்த சூறைக்காத்தில் பக்கத்துத் தோட்டத்துக் கோழிப்பண்ணையின் ஷீட்டுகள் பறந்ததில் இருந்து பயமாக இருக்கிறது. கேபின் விற்றவர்கள் "இன்சூரன்ஸ் எல்லாம் இருக்குதுங்க" என்றார்கள். ஒரு ஏஜென்ட்டோ, "இது கட்டிடமே இல்லைங்க, வண்டி மாதிரி. இதுக்குத் தனிப் பாலிசி" என்று 9,000 ரூபாய் கேட்கிறார். யார் சொல்வது சரிங்க?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லைங்க.

விற்றவர்கள் கொடுத்த தாளை எடுத்துப் பாருங்கள். "மரைன்" அல்லது "டிரான்சிட்" என்ற சொல் அதில் இருக்கும். தொழிற்கூடத்தில் இருந்து லாரியில் ஏற்றி உங்கள் தோப்பில் இறக்கும் வரைக்கும்தான் அந்த இன்சூரன்ஸ். கிரேன் கொக்கியைக் கழற்றியதோடு அதன் வேலை முடிந்தது. கூடவே ஐந்து வருட வாரண்டி அட்டை ஒன்று தந்திருப்பார்கள். அது துருவுக்கும் ஒழுகலுக்கும் உரியது, காற்றுக்கு ஆகாது. கேபின் விற்பவர்கள் இதை விளக்குவதில்லை. "இருக்குதுங்க" என்று சொல்வதில் பொய்யும் இல்லை பாருங்கள், அதுதான் சாமர்த்தியம்.

ஏஜென்ட் சொன்ன வண்டிக் கதைக்கு வருவோம். சக்கரம் இருந்து, ஆர்.டி.ஓ. பதிவெண்ணும் இருந்தால்தான் அது வண்டி. அப்படிப்பட்ட கேரவனுக்கு மோட்டார் பாலிசிதான் எடுக்க வேண்டும். உங்களுடையது அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கிற, சுவரும் கூரையும் உள்ள, குடும்பம் குடியிருக்கிற வீடு. அதற்கு உரியது சாதாரண வீட்டுப் பாலிசியான "பாரத் க்ருஹ ரக்ஷா". 2021 ஏப்ரல் 1 முதல், தீ இன்சூரன்ஸ் செய்கிற எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனமும் இதை விற்றாக வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உத்தரவு. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். தீ, இடி, புயல், சூறாவளி, வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு, கலவரம் எல்லாம் அதற்குள் வருகின்றன. காற்று இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் அடித்திருக்க வேண்டும் என்ற வரம்பு அதில் கிடையாது. மரம் விழுந்தாலும் "வெளிப்பொருள் மோதல்" என்ற தனித் தலைப்பில் பணம் உண்டு. தென்னந்தோப்புக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னை முறிந்து கூரையில் விழுந்திருந்தால் புயல் அடித்ததா இல்லையா என்ற வழக்கே வேண்டாம். கிளைம் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "மரம் விழுந்தது" என்று எழுதுங்கள், அது போதும்.

9,000 ரூபாயில் அவர் எதையெல்லாம் சேர்த்துக் கட்டியிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். 6 லட்ச ரூபாய் வீட்டுக்கு இந்தப் பாலிசியின் ஒரு வருடப் பிரீமியம் பெரும்பாலும் உங்கள் பைக் இன்சூரன்ஸைவிடக் குறைவாகவே வரும். மிச்சம் விபத்துக் காப்பீடாக இருக்கலாம், நகைக் காப்பீடாக இருக்கலாம், பத்து வருடத்துக்கு மொத்தமாகப் போட்டதாகவும் இருக்கலாம். வேண்டுமென்றால் எடுங்கள், ஆனால் தெரிந்து எடுங்கள்.

இனி தொகையைக் கணக்கிடும் விதம். நிலத்தின் விலையைச் சேர்க்கவே கூடாது. "கார்ப்பெட் ஏரியா" எனப்படும் உள்பரப்பை, திரும்பக் கட்ட ஆகும் செலவால் பெருக்க வேண்டும். உங்கள் கேபினின் உள்ளளவு சுமார் 185 சதுர அடி இருக்கும். போர்டிகோவின் 240 சதுர அடியில் கால் பங்கை, அதாவது 60 சதுர அடியை மட்டும் சேர்க்கச் சொல்கிறது பாலிசி. மொத்தம் 245 சதுர அடி, அதாவது 22.8 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 26,000 ரூபாய் என்று போட்டால் ஏறக்குறைய நீங்கள் செலவழித்த 6 லட்சம் வந்துவிடும். செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, காம்பவுண்ட் சுவர், சோலார் பேனல் இவற்றைத் தனி வரியாக எழுதித் தொகை போட வேண்டும். கட்டிடத்தோடு சாமான்களையும் சேர்த்து எடுத்தால், கட்டிடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், பட்டியல் கொடுக்காமலே சாமான்களுக்குக் கிடைக்கும். உங்களுக்கு அது 1,20,000. தோட்டத்து வீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

படிவத்தை ஏஜென்ட் கையில் கொடுத்து "நீங்களே பூர்த்தி பண்ணிக்குங்க" என்று கையெழுத்து மட்டும் போடுகிறார்களே, முக்கால்வாசித் தகராறு அங்கேதான் முளைக்கிறது. வேலை சுலபமாக முடிய வேண்டும் என்று அவர் "கான்கிரீட் கூரை" என்று டிக் அடித்துவிடுவார். நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்த்தால் தகரம். கிளைம் நிராகரிக்கப்படும்போது ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். உங்கள் கையாலேயே எழுதுங்கள்: "இரும்புச் சட்டம், வெளிப்புறம் ஜி.ஐ. ஷீட், நடுவில் பஃப் பேனல், கான்கிரீட் பீடத்தில் போல்ட் போட்டு நிறுத்திய தயாரிப்பு வீடு. முன்புறம் ஷீட் போர்டிகோ." பேனலுக்குள் இருப்பது பஃப் எனப்படும் நுரை இல்லை, தெர்மாக்கோல் என்றால் அதையும் எழுதுங்கள். நான்கு பக்கமும் போட்டோ எடுத்துப் படிவத்தோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒரு கிளை முடியாது என்றால் அடுத்த கம்பெனிக்குப் போங்கள். உண்மையைச் சொல்லி மறுப்பு வாங்குவது, மறைத்துப் பாலிசி வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்று வில்லங்கம் செய்யும். வெயில் தாங்கவில்லை என்று ஷீட்டின் மேல் தென்னங்கீற்று வேய்கிறோம் அல்லவா? கீற்று, மூங்கில், மரப்பலகை, தார்ப்பாய் போட்ட கூரையோ சுவரோ இருந்தால் அதைக் "கச்சா" கட்டிடம் என்கிறது பாலிசி. அதற்குப் பிரீமியமும் நிபந்தனையும் வேறு. சூடு குறைய வேண்டுமென்றால் வெள்ளை கூல்-ரூஃப் பெயின்ட் அடியுங்கள். கீற்றுதான் வேண்டும் என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பின்னாளில் பக்கத்தில் ஒரு அறை இழுத்தாலும் இதே கதைதான். உள்பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடினால், அதைப் பாலிசியில் எழுதிச் சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட் வாங்கிக் கூடுதல் பிரீமியம் கட்டாதவரை அந்தச் சேர்க்கைக்குக் காப்பு இல்லை. கேபினை வேறு தோட்டத்துக்குத் தூக்கிப் போனால் பாலிசி கூடவே வராது. விலாசத்தை மாற்றி எழுதி வாங்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பக்கத்தில் பாதிக் கேபின்கள் இந்த வகைதான். மேலே சொன்னது எல்லாம் குடியிருப்புக்கு. நீங்கள் இருந்தாலும், மகன் குடும்பம் இருந்தாலும், தோட்டத்து ஆள் குடும்பத்தோடு இருந்தாலும் அது குடியிருப்புதான். யார் இருக்கிறார்கள் என்பதைப் படிவத்தில் எழுதினால் போதும். ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டாலும் சொல்லிவிட்டால் சிக்கல் இல்லை. ஆனால் நார் மில்லுக்கோ கோழிப்பண்ணைக்கோ வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளர்களைத் தங்க வைக்கும் கூடமாகக் கேபினைப் போட்டிருந்தால், அது தொழிலின் பகுதி. ஆனைமலைப் பக்கம் பலர் செய்வது போல வார இறுதியில் ஆட்களைத் தங்க வைத்துக் காசு வாங்கினால் அதுவும் தொழில். ஆன்லைனில் விளம்பரம் போட்டிருந்தால் சர்வேயர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் போதும். இந்த இரண்டுக்கும் "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" என்ற தொழில் பாலிசி எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் 5 கோடி வரையிலான சொத்துக்கு அது. அதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வீட்டுப் பாலிசியில் தொகையைக் குறைத்துப் போட்டிருந்தாலும் அந்தத் தொகை வரை முழு நஷ்டமும் கிடைக்கும். தொழில் பாலிசியில் 15 சதவீதம் வரைதான் பொறுத்துக்கொள்வார்கள். 8 லட்சம் மதிப்புள்ள கேபினை 6 லட்சத்துக்கு எடுத்திருந்தால் நான்கில் ஒரு பங்கு குறைவு. காற்றில் 2 லட்சம் நஷ்டம் என்றால் கைக்கு வருவது ஒன்றரை லட்சம்தான். வாரம் ஒரு நாள் மட்டும் விருந்தினர், மற்ற நாளெல்லாம் நாங்களே இருக்கிறோம் என்றால்? கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். "சும்மா இருங்க, யார் பார்க்கப் போறாங்க" என்று சொல்லும் ஏஜென்ட்டை அன்றோடு விட்டுவிடுங்கள்.

காகிதம் ஒருபுறம் இருக்கட்டும், கேபின் நிற்கிற விதத்தைப் பாருங்கள். நமக்கு இரண்டு வகைக் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக விடாமல் அடிக்கிற காற்று ஒன்று. சித்திரை, வைகாசியில் இடிமழையோடு கால் மணி நேரம் சுழன்றடித்து வாழையைச் சாய்த்துவிட்டுப் போகிற சூறை இன்னொன்று. முதலாவது ஷீட்டை நாள் முழுக்க அதிர வைத்து ஸ்க்ரூக்களைத் தளர்த்துகிறது. இரண்டாவது வந்து பிய்த்துப் போகிறது. சர்வேயர் கூரையில் ஏறிப் பார்த்து, ஸ்க்ரூத் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்து, ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருப்பதைக் கண்டால் "இது நாள்பட்ட தேய்மானம், புயல் இல்லை" என்று எழுதுவார். தேய்மானத்துக்குப் பாலிசியில் பணம் இல்லை. அதனால் வருடம் ஒருமுறை பங்குனியில் வெல்டரை அழைத்துத் தளர்ந்ததை முறுக்கி, வாஷரை மாற்றி, கூலிக்கு ரசீது வாங்கி வையுங்கள். ஓரங்களிலும் முகட்டிலும் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு ஸ்க்ரூ இருக்க வேண்டும். ஷீட் முதலில் எழும்புவது அங்கேதான்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, கோவைக்குப் போட்டிருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் சுவரின் மேல் 90 கிலோவுக்கு மேல் அழுத்தம் வரும். உங்கள் கேபினின் நீளப் பக்கத்தை ஏறக்குறைய ஒன்றரை டன் தள்ளுகிறது என்று வையுங்கள். கேபினின் மொத்த எடையே பெரும்பாலும் இரண்டு டன்னைச் சுற்றித்தான். ஹாலோ பிளாக் கல்லின் மேல் சும்மா உட்கார வைத்திருந்தால் நகரும், கவிழவும் கூடும். நான்கு மூலையிலும் நடுவில் இரண்டிலுமாக ஒன்றரை அடிச் சதுரத்தில் மூன்றடி ஆழக் கான்கிரீட் பீடம் போட்டு, 16 மி.மீ. ஆங்கர் போல்ட்டில் அடிச்சட்டத்தைப் பூட்டச் சொல்லுங்கள். போர்டிகோ இன்னும் மோசம். மூன்று பக்கம் திறந்திருப்பதால் காற்று அடியில் புகுந்து தூக்கும். தூண்களை மூன்று அங்குலத் தரைக் கான்கிரீட்டில் ஃபாஸ்னர் அடித்து நிறுத்தியிருப்பார்கள். அது தரையோடு பெயர்ந்து வரும். தூணுக்கும் குழி தோண்டிப் பீடம் வேண்டும். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் போல்ட் தெரிகிற மாதிரி, பக்கத்தில் டேப் வைத்துப் போட்டோ எடுத்துவிடுங்கள். பின்னால் "சரியாக நிறுத்தவில்லை" என்ற பேச்சு வந்தால் அந்தப் படம்தான் பதில் சொல்லும்.

கரண்ட்டையும் பார்த்துவிடுங்கள். விவசாய இலவச இணைப்பில் இருந்து கேபினுக்கு ஒயர் இழுத்திருந்தால், இன்றைக்கே வீட்டு இணைப்புக்கு எழுதிப் போடுங்கள். தீ கிளைமில் முதலில் நோண்டப்படும் இடம் அது.

நஷ்டம் வந்துவிட்டால் அன்றே கம்பெனியின் எண்ணுக்குச் சொல்லி, கிளைம் எண் வாங்குங்கள். மழை இறங்காமல் தார்ப்பாய் போடலாம், அது உங்கள் கடமையும்கூட. ஆனால் வளைந்த ஷீட்டையும் பெயர்ந்த தூணையும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். மதிப்பீடு வாங்கும்போது துண்டுச் சீட்டு வேண்டாம், ஜி.எஸ்.டி. எண் போட்ட கொட்டேஷன் வேண்டும். அடுத்துக் காற்றடித்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். நம் சூறை ஒரு கிராமத்தில் அடிக்கும், நாலு கிலோமீட்டர் தள்ளி இலை அசையாது. வானிலை மையத்தின் அறிக்கையைக் கொண்டு வா என்றால் ஒரு விவசாயி எங்கே போவார்? பறந்த ஷீட் கண்ணெதிரே கிடக்கும், அது சாட்சி ஆகாதாம். முத்திரை குத்திய காகிதம்தான் சாட்சியாம். சரி, அதற்கும் வழி இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரந்தோறும் தானியங்கி வானிலை நிலையம் வைத்திருக்கிறது, காற்று வேகமும் அதில் பதிவாகும். மின்கம்பி அறுந்ததற்கு ஈ.பி.யில் கொடுத்த புகார் எண், அக்கம்பக்கத்தில் சாய்ந்த வாழைக்கு வி.ஏ.ஓ. எடுத்த கணக்கு, உள்ளூர்ப் பதிப்பில் வந்த செய்தி, இவற்றில் இரண்டு இருந்தாலே வலுவான ஆதாரம்.

இந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து நிற்பார். "சர்வேயர் நமக்குத் தெரிஞ்சவர்ங்க, இருபது பர்சென்ட் கொடுத்தா முடிச்சுத் தர்றேன்" என்பார். டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆவணம் போதவில்லை என்பதற்காக மட்டும் கிளைமை நிராகரிக்கக் கூடாது என்று 2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கை சொல்லிவிட்டது. சர்வேயர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். தொகையில் எதையாவது கழித்தால், பாலிசியின் எந்த வரியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனிக்குப் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 50 லட்சம் வரை அவர் தீர்ப்புச் சொல்வார். கட்டணம் கிடையாது. வக்கீலை அனுமதிப்பதும் இல்லை, நீங்களே பேசலாம்.

கடைசியாக, அந்த ஏஜென்ட்டிடம் 9,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் உடனே கம்பெனியின் கிளையில் விசாரியுங்கள். பிரீமியம் முன்கூட்டியே செலுத்தப்படாமல் எந்தப் பாலிசியும் அமலுக்கு வராது. வாங்கிய பணத்தை ஏஜென்ட் 24 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குச் சேர்த்தாக வேண்டும் என்பது சட்டம். இன்னும் கொடுக்கவில்லை என்றால், கம்பெனியின் பெயருக்கே யு.பி.ஐ. அல்லது காசோலையாகச் செலுத்தி, பாலிசியில் தொடக்கத் தேதியும் நேரமும், "போர்டிகோ" என்ற வார்த்தையும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.